கடைசிச் சுருளில் இருபத்தோரு அடி

பதினான்காம் சுருளில் இருபத்தோரு அடி குறைந்திருந்தது. திரையில் ஓடவிட்டால் பதினான்கு நொடி. தொண்டையைச் செருமிக்கொண்டு நிமிர்வதற்குள் போய்விடும். ஆனாலும் ஓர் ஆளை ஜெயிலுக்கு அனுப்ப அது போதும்.

1973 ஆகஸ்டு 27, திங்கட்கிழமை. காலை 10.10. திருவள்ளூர் பங்கஜா டாக்கீஸின் ஆபீஸ் அறை. சினிமாக் கம்பெனியின் பிரதிநிதி, ‘ரெப்’ சுப்பராயன் மதராசிலிருந்து வந்திருந்தார். படப்பெட்டியைத் திறந்து கடைசிச் சுருளை எடுத்து மேஜைமேல் வைத்தார். மேஜைக்கு எதிரே தியேட்டர் மேனேஜர். கதவோரம் ஆபரேட்டர் மோசஸ். சுவரை ஒட்டிப் போட்ட ஸ்டூலில் எஸ்தர்.

எஸ்தர் அந்தத் தியேட்டரில் பெண்கள் கவுண்ட்டரில் டிக்கெட் கொடுப்பவள். மிஷன் பள்ளியில் எட்டாவது வரை படித்தவள். அங்கே இருபத்திரண்டு வருஷம் ஆபரேட்டராக இருந்த யேசுதாஸின் மனைவி. இருபத்துநாலு நாளாக அவனுடைய விதவை. சுப்பராயன் அவளை அழைத்தது ஒரு நோட்டுக்காக. பெட்டி வந்த அன்றே ஒவ்வொரு சுருளையும் அளந்து எழுதி வைப்பது யேசுதாஸின் வழக்கம். எஸ்தர் அந்த நோட்டை வீட்டிலிருந்து எடுத்து வந்திருந்தாள். ஜூலை 13: பதினான்காம் சுருள், குறைவில்லை.

“அவர் கணக்கு தப்பாதும்மா. இங்க வந்தப்போ முழுசா இருந்திருக்கு. அப்போ திருட்டு நடந்தது கும்மிடிப்பூண்டியிலதான்” என்றார் சுப்பராயன்.

காணாமல் போனது என்ன என்பதை அவரே சொன்னார். படம் ‘விண்தோணி’ வரிசையில் மூன்றாவது, ‘கடைசிக் கரை’. முதல் படத்தில் கேப்டன் ஆதவன் வான்வெளிக்குப் போனான். இரண்டாவதில் வழி தவறினான். மூன்றாவதில் திரும்பி வந்தான். தோணிக்குள் அவனுக்கு இரண்டு வருஷம். பூமியில் அதற்குள் நாற்பது வருஷம் ஓடிவிட்டது. தோணி கடற்கரையில் இறங்குகிறது. கதவு திறக்கிறது. மணலில் அவன் மனைவி மாலதி, தலை முழுக்க நரைத்து நிற்கிறாள். இருவரும் பார்த்துக்கொள்கிறார்கள். பேச்சில்லை. அடுத்த காட்சியில் கதவு மூடுகிறது. தோணி எழும்பிப் போகிறது. அதன்பின் யாருமில்லாத மணல். அதில் இரண்டு சோடிக் காலடிகள். அலை வந்து அழிக்கிறது. திரையில் ‘வணக்கம்’ என்ற எழுத்து, படம் முடிந்தது.

அந்த மணலும் காலடியும் அலையுந்தான் அந்த இருபத்தோரு அடி.

திருவள்ளூரில் மூன்று வாரம் ஓடி, ஆகஸ்டு 3, வெள்ளிக்கிழமை அதே பெட்டி கும்மிடிப்பூண்டி டூரிங் கொட்டகைக்குப் போயிற்று. அன்று தொடங்கியது சண்டை. ஆதவன் இறங்கி வந்து பெண்டாட்டியோடு சேர்ந்துவிட்டான், தோணியைக் காலியாக அனுப்பிவிட்டான் என்றது திருவள்ளூர். அவளைப் பார்த்ததும் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு ஓடிவிட்டான் என்றது கும்மிடிப்பூண்டி. அங்கே புதிதாக எழும்பிய இரும்புப் பட்டறைகளில் வேலை செய்த பையன்கள் முதல் இரண்டு படத்தையும் பார்த்துவிட்டு மூன்றாவதுக்காகக் காத்திருந்தவர்கள். கட்டினவளைக் கரையில் விட்டுப் போகிறவனுக்காகவா இத்தனை வருஷம் காத்திருந்தோம் என்று அவர்களுக்கு ஆத்திரம். செவ்வாப்பேட்டை ஸ்டேஷனில் இரண்டு கட்சியும் சந்தித்து ஒருவனுக்குப் பல் போனது. ஊத்துக்கோட்டையில் ஒரு நிச்சயதார்த்தமே தள்ளிப்போனதாகச் சொன்னார்கள். மாப்பிள்ளை ஒரு கட்சி, மைத்துனன் இன்னொரு கட்சி. காலடியைப் பற்றிச் சொன்னபோது, தோற்றவன் கட்டும் கதை என்று கும்மிடிப்பூண்டி சிரித்தது. பார்த்ததையே இல்லை என்கிறானே என்று திருவள்ளூர் கொதித்தது.

இரண்டு பக்கமும் கம்பெனிக்குக் கார்டு எழுதிக் குவித்தார்கள். அந்தக் கார்டுகளைப் படித்துத்தான் சுப்பராயனுக்குச் சந்தேகம் தட்டியது. திரும்பி வந்த பெட்டியை அளந்தார். குறைந்தது. ஞாயிற்றுக்கிழமை கும்மிடிப்பூண்டி போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டார்.

10.45. ஏட்டு பரசுராமன் கும்மிடிப்பூண்டி கொட்டகையின் ஆபரேட்டர் தாவீதை அழைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். தாவீதுக்குச் சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிப்போயிருந்தது. பட்டறைக்காரர்கள் எவரும் அவனை வேலைக்கு எடுக்கமாட்டார்கள். ஆபரேட்டர் லைசென்ஸ் ஒன்றுதான் அவனுக்கு இருந்த கால். அது போனால் அவனும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் தெருவில் நிற்கவேண்டியதுதான். விசாரணைக்கு முன்பே ஒரு ராத்திரி ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தது முகத்தில் தெரிந்தது.

“பசங்களுக்குத் துண்டு துண்டா அறுத்து வித்துட்டான்” என்றார் சுப்பராயன்.

“நான் அறுக்கல சார். வந்ததை ஓட்னேன்.”

“ஒட்டுப் போட்ட தடம் இருக்கே. தோணி போறதுக்கும் வணக்கத்துக்கும் நடுவுல.”

“ஒட்டு இல்லாத படம் ஏது சார்? அறுந்தா சுருள்ல ஒரு சீட்டு செருகி வெப்போம். ஆட்டம் முடிஞ்சதும் சீட்டு கீற எடத்துல ஒட்டுவோம். எல்லா ஊர்லயும் அதானே. வேணும்னா இவங்கள கேளுங்க.” மோசஸைக் கையால் காட்டினான். பிறகு எஸ்தரைப் பார்த்தான். “அக்கா, நீங்க சொல்லுங்க. உங்க ஊட்டுக்காருக்குத் தெரியும், என் கை எப்படின்னு.”

எஸ்தர் அவனை அதற்குமுன் ஒரே தடவைதான் பார்த்திருந்தாள், யேசுதாஸின் அடக்கத்தன்று. சாயங்காலம் பெட்டியை வாங்கி ஆட்டம் ஓட்டவேண்டுமே என்று, மதியமே வந்து கல்லறை வரை நடந்துவிட்டு அந்தக் காலோடு பஸ் பிடிக்க ஓடியவன். அவள் சுப்பராயனிடம், அந்தக் கார்டுகள் கையில் இருக்கின்றனவா என்று கேட்டாள்.

இருந்தன. இரண்டு கட்டு. முடிவைப் புகழ்ந்தவை ஒன்று, திட்டியவை ஒன்று. கம்பெனியில் அப்படித்தான் பிரித்து வைப்பார்கள். எஸ்தர் கட்டை அவிழ்த்தாள். எழுதியிருந்ததைப் படிக்கவில்லை. திருப்பி, தபால் முத்திரையைப் பார்த்தாள். டிக்கெட்டில் தேதி முத்திரை குத்திக் குத்திப் பழகிய கண். கால் மணி நேரத்தில் மேஜைமேல் கார்டுகள் தேதிவாரியாக வரிசையில் கிடந்தன.

புகழ்ந்தவை எல்லாம் திருவள்ளூர், செவ்வாப்பேட்டை, பள்ளிப்பட்டு. திட்டியவை எல்லாம் கும்மிடிப்பூண்டிப் பக்கம். அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எஸ்தர் திட்டிய கார்டுகளில் முதலாவதைத் தனியே எடுத்து ஏட்டின் முன்னால் வைத்தாள். முத்திரை: கும்மிடிப்பூண்டி, ஆகஸ்டு 4, காலை.

“நாலாந்தேதி காலைல தபால்ல சேர்த்துட்டான். அப்போ மூணாந்தேதியே பாத்திருக்கான். முதல் நாளே காலடி இல்ல” என்றாள்.

“சரி, முதல் ஆட்டத்துக்கு முன்னாடியே அறுத்துட்டான்” என்றார் சுப்பராயன்.

“பெட்டி எத்தினி மணிக்கு வந்துச்சு தாவீது?”

ஊத்துக்கோட்டையில் பஸ் படுத்துவிட்டது என்றான் தாவீது. ஆறே முக்காலுக்கு வந்தது. ஈய சீல் அப்படியே இருந்தது, கொட்டகை முதலாளியே உடைத்தார். ஏழு மணிக்கு ஆட்டம். வெளியே கூட்டம் தட்டியைப் பிய்க்கிறது. பெட்டியிலிருந்து எடுக்க எடுக்க மெஷினில் மாட்டினான். கொட்டகையில் ஒரே மெஷின், ஒரே ஆள். கார்பன் குச்சி எரியும்போது விட்டு நகர்ந்தால் திரை இருண்டுவிடும்.

“அதுக்கு யாரு சாட்சி?” என்றார் சுப்பராயன்.

எஸ்தர் ஏட்டைப் பார்த்தாள். “முதல் நாள் அவ்ளோ கூட்டம்னா பந்தோபஸ்து போட்டிருப்பாங்களே. யாரு வந்தது?”

பரசுராமன் மீசையைத் தடவினார். “நான்தான்.”

“எங்க நின்னுக்கினு இருந்தீங்க?”

“கேபின் வாசல்ல. ஏறி உள்ள பூந்துடுவானுங்கன்னு முதலாளி அங்கியே நிக்கச் சொன்னாரு. நல்லா தெரிஞ்சிது படம்.”

“முடியிற வரைக்கும்?”

“முடியிற வரைக்கும்.”

“இவரு கத்தரி எதனா எடுத்தாரா?”

“எங்க எடுத்தான்? தண்ணி குடிக்கவே நேரமில்ல அவனுக்கு. இன்டர்வெல்ல டீ கூட நான்தான் வாங்கியாந்து…” ஏட்டு நிறுத்தினார்.

“முடிவுல இன்னா பாத்தீங்க?”

“கதவைச் சாத்திக்கினு பூட்டான் அந்த ஆளு. வணக்கம் போட்டான்.”

“காலடி?”

“இன்னா காலடி?” என்றார் பரசுராமன்.

தாவீதுக்குத் தானே சாட்சி, மூன்று வாரமாக அது தெரியாமல் இருந்திருக்கிறோம் என்பது ஏட்டுக்கு மெதுவாக உறைத்தது. தாவீதை உட்காரச் சொன்னார்.

11.50. சப்ரிஜிஸ்திரார் ஆபீசிலிருந்து ஸம்பத்குமார் வரவழைக்கப்பட்டான். கோயில் தெருக்காரன், நெற்றியில் திருமண், ஊர் விண்தோணி ரசிகர் மன்றத்துக்குத் தலைவன். ஆகஸ்டு 2, வியாழக்கிழமை, திருவள்ளூரின் கடைசி இரண்டாம் ஆட்டம் வரைக்கும் பதினோரு தரம் பார்த்தவன்.

“கடைசி ஆட்டத்துல காலடி வந்ததா?” என்று எஸ்தர் கேட்டாள்.

“வந்தது எஸ்தரம்மா. பெருமாள் ஸாட்சியா. இனிமே பார்க்கக் கிடைக்காதேன்னு எழுந்து நின்னே பார்த்தேன். ரெண்டு சோடி. அதுக்குள்ள அலை வந்துடுத்து.” அறையில் இருந்த கும்மிடிப்பூண்டிக்காரர்களைப் பார்த்துக் குரலை உயர்த்தினான். “நான் பொய் சொல்றவன் இல்லை.”

“யாருமே பொய் சொல்லல தம்பி” என்றாள் எஸ்தர்.

வியாழன் கடைசி ஆட்டத்தில் இருந்தது. வெள்ளி முதல் ஆட்டத்தில் இல்லை. பெட்டிக்கு மேனேஜர் சீல் வைத்தது வெள்ளி காலை பத்தரைக்கு. நடுவில் பங்கஜா டாக்கீஸின் கேபின் மட்டுமே இருந்தது. அதன் சாவி இரண்டே பேரிடம். ஒருவன் கல்லறையில் இருந்தான். மற்றவன் கதவோரம் நின்றான்.

எல்லோரும் மோசஸைப் பார்த்தார்கள்.

பரசுராமன் எழுந்தார். “இன்னாடா?”

மோசஸ் சுவரோடு ஒட்டிக்கொண்டான். பதில் ஏட்டுக்கு அல்ல, எஸ்தருக்குச் சொன்னான். “அண்ணி, அன்னிக்குக் காலைல அண்ணன் பூட்டாருன்னு சேதி வந்து அரை மணி நேரம்கூட ஆவல. பெட்டி போயே ஆவணும்னு மேனேஜர் சொல்ட்டாரு. கேபினுக்கு வந்தேன். பதிமூணு சுருள் பெட்டில கீது. கடைசிது ரீல் சுத்துற மேஜை மேல. உள்ள சீட்டு செருகியிருந்துது. எப்பவும் போல சீட்டை எடுத்துட்டு ஒட்டினேன். அவ்ளோதான்.”

“ஏன் அறுந்துதுன்னு பாக்கலியா?”

“அழுதுனு இருந்தேன் அண்ணி.”

“சீட்டுல எதனா எழுதியிருந்துதா?”

“பாக்கல. கசக்கிப் போட்டுட்டேன்.”

பொணத்து மேல பழி போடுறான் பாரு என்றார் ஏட்டு. சுப்பராயனும் அதையே வேறு வார்த்தையில் சொன்னார். யேசுதாஸுக்குக் கம்பெனி நற்சான்றுப் பத்திரம் கொடுத்திருக்கிறது. இருபத்திரண்டு வருஷத்தில் ஓரடி பிலிம் சேதம் செய்யாத ஆள். அவன் சீட்டு வைத்தான் என்று சொல்ல மோசஸைத் தவிர யாருமில்லை. ஏட்டு மோசஸின் தோளில் கைவைத்தார்.

எஸ்தர் ஸ்டூலிலிருந்து எழுந்தாள். மோசஸ் சீட்டு என்று சொன்ன நொடியிலிருந்து அவளுக்குத் தான் வியாழக்கிழமை சொன்ன ஒரு பேச்சு ஞாபகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே சொல்லவில்லை. ஒரு மணி நேரம் கொடுங்கள், யாரையும் எங்கும் கூட்டிப் போகாதீர்கள் என்று மட்டும் கேட்டாள்.

1.05. வீடு தியேட்டருக்குப் பின் மூன்று தெரு தள்ளி. நடக்கும்போது அந்த வியாழக்கிழமை சாயங்காலம் அவளுக்கு முன்னால் நடந்தது.

ஊரெல்லாம் அடித்துக்கொள்ளாத குறையாக அந்த முடிவைப் பற்றிப் பேசியது. எஸ்தர் மட்டும் அதைப் பார்த்ததில்லை. அந்தப் படம் என்றில்லை, எந்தப் படத்தின் முடிவும் அவளுக்குக் கிடைக்காது. மேட்னி முடியும் நேரத்தில் முதல் ஆட்டத்துக்கு டிக்கெட் கொடுக்கவேண்டும். முதல் ஆட்டம் முடியும்போது இரண்டாம் ஆட்டத்துக்கு. அப்புறம் கவுண்ட்டரைச் சாத்திவிட்டு வீடு. முடிவுகளை அவள் சுவர் வழியாகக் கைதட்டலாகத்தான் கேட்டிருக்கிறாள். கடைசி நாள் மேட்னி முடிவையாவது பார்த்துவிடலாம் என்று கால் மணி நேரம் கேட்டாள். கூட்டம் அதிகம் என்று மேனேஜர் விடவில்லை. யேசுதாஸ் டீ குடிக்க இறங்கி வந்தபோது மோசஸ் எதிரிலேயே அவன்மேல் கொட்டித் தீர்த்தாள். பதினாறு வருஷம் ஆபரேட்டர் பெண்டாட்டி, ஒரு கதை எப்படி முடிந்தது என்று தெரியாது என்றாள். நான் சொல்றேனே என்றான் அவன். நீ சொல்லி நான் இன்னா பண்றது, அறுத்துக் கையில குடு, ஊட்ல வெச்சுப் பாத்துக்கறேன் என்றாள்.

சொல்லிவிட்டு டிக்கெட் கட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வீட்டில் யேசுதாஸின் சாமான்களை யாரும் தொடவில்லை. சாவு வீட்டில் வந்துபோனவர்கள் அவன் டிபன் கேரியரைச் சமையல் மூலையில் ஒதுக்கியிருந்தார்கள். அவன் வீட்டுக்கு வந்ததும் சோற்றுத் தூக்கையும் குழம்புத் தூக்கையும் தானே கழுவிக் கவிழ்ப்பான். மேல் தூக்கு எப்போதும் வெறுமையாகப் போய் வெறுமையாக வரும். அதனால் அதை அவன் கழுவமாட்டான், அவளும் திறக்கமாட்டாள். இப்போது திறந்தாள். கேபினில் லென்ஸ் துடைக்கும் மஞ்சள் துணி. துணிக்குள் கைக்கு அடக்கமாக ஒரு பிலிம் சுருள். நூல் போட்டுக் கட்டியிருந்தது. எண்ணெய் படக்கூடாது என்று துணிக்கடியில் ஒரு காகிதமும் மடித்துப் போட்டிருந்தான்.

வெள்ளி காலை எட்டு மணிக்குப் போய் ஒட்டிவிடலாம் என்று நினைத்திருப்பான். மார்வலி ஐந்து மணிக்கு வந்தது.

ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சாம்பல் நிறத்தில் மணல். புள்ளி புள்ளியாக ஏதோ. தபால்தலை அளவுப் படத்தில் வெறுங்கண்ணுக்கு அதற்குமேல் தெரியவில்லை.

அடுப்பு பக்கத்தில்தான் இருந்தது. பிலிம் சுருண்டு கரியாக எத்தனை நேரம் ஆகும் என்று அவளுக்குத் தெரியும். எரித்துவிட்டால் யேசுதாஸ் யேசுதாஸாகவே இருப்பான். தியேட்டர் ஆபீஸ் சுவரில் அவன் நற்சான்றுப் பத்திரம் தொங்கும். மோசஸ் ஒட்டினவன் என்று அவனே ஒப்புக்கொண்டுவிட்டான், அவன் போவான். அல்லது கம்பெனி பிடிவாதம் பிடித்தால் தாவீது. அவள் சுருளைத் திரும்பத் துணியில் சுற்றினாள். முகம் கழுவிக்கொண்டாள். அழவில்லை, அழுதால் நேரமாகிவிடும் என்று தோன்றியது.

2.15. மேஜைமேல் மஞ்சள் துணியை வைத்துப் பிரித்தாள்.

“அறுத்தது எங்க ஊட்டுக்காரு” என்றாள்.

அவளே தொடர்ந்தாள். தாவீது அறுத்திருக்க முடியாது; ஏட்டையாவே அதற்குச் சாட்சி. வழியில் அறுத்திருக்க முடியாது, சீல் உடையவில்லை. மோசஸ் அறுத்திருந்தால் சீட்டைப் பற்றி அவன் சொல்லியே இருக்கவேண்டாம். ஒட்டு எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டுப் போயிருப்பான். யாரும் கேட்காத சீட்டைத் தானாகச் சொல்லித் தன்னையே அவன் மாட்டிவைத்துக்கொண்டான். அறுந்த படத்துக்குத்தான் சீட்டு வைப்பார்கள். ஆனால் வியாழக்கிழமை கடைசி ஆட்டத்தில் படம் அறுந்ததா என்று ஸம்பத்குமாரைக் கேளுங்கள். அறுந்துபோகலை என்றான் ஸம்பத்குமார், நின்னுண்டே பார்த்தேனே. அறுந்து போகாத படத்தில் சீட்டு எதற்கு? இங்கே திரும்ப ஒன்றை வைக்கவேண்டும் என்று ஞாபகத்துக்கு. திருப்பி வைக்க நினைத்தவர்தான் சீட்டு வைப்பார்.

“எதுக்கும்மா எடுத்தாரு?” என்றார் சுப்பராயன். அவர் குரலில் ரெப் இல்லை.

“நான் கேட்டேன்.”

கேட்ட விதத்தையும் சொன்னாள். மோசஸ் தலையைக் குனிந்துகொண்டே, ஆமாம், அது தன் காதிலும் விழுந்ததாகவும், விளையாட்டுக்குச் சொன்னதாக நினைத்ததாகவும் சொன்னான். அண்ணனும் சிரித்தாரே என்றான்.

சுப்பராயன் பேனாவைத் திறந்து மூடினார். துண்டுதான் கிடைத்துவிட்டதே, ஆள் பெயர் தெரியவில்லை என்று எழுதி முடித்துவிடுகிறேன், அவர் பெயரை இதில் கொண்டுவர வேண்டாம் என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார்.

எஸ்தர் தாவீதின் காலைப் பார்த்தாள். “பேர் தெரியலன்னு எழுதினா போலீஸ் ரிக்கார்டுல இவரு பேரு அப்படியே கெடக்கும் சார். எங்க ஊட்டுக்காரு பேரையே எழுதுங்க. அவுரு லைசென்ஸை யாரும் புடுங்க முடியாது.”

எழுதினார்கள். சுப்பராயன் கடிதத்தின் நகலை மேனேஜரிடம் கொடுத்தபோது, மேனேஜர் அதைப் படித்துவிட்டு சுவரில் மாட்டியிருந்த நற்சான்றுப் பத்திரத்தைப் பார்த்தார். அன்றைக்கு எடுக்கவில்லை, ஆனால் அடுத்த வாரம் அது அந்த இடத்தில் இல்லை. ஊரில் கொஞ்ச நாள் ‘ரீல் திருடன் பொண்டாட்டி’ என்று அவள் காதுபடவே சொன்னார்கள்.

3.00. மேலே கேபினில், சுற்றும் மேஜையின் கண்ணாடிக்கடியில் விளக்கைப் போட்டு, மோசஸ் துண்டை அதன் இடத்தில் பொருத்திப் பார்த்தான். வெட்டு வெட்டோடு சேர்ந்தது. சுப்பராயன் லென்ஸ் வைத்துச் சரிபார்த்தார். ஒட்டலாம் என்றார்.

“ஒரு நிமிசம். நான் பாக்கலாமா?” என்று கேட்டாள் எஸ்தர்.

லென்ஸை அவள் கையில் கொடுத்தார்கள். குனிந்தாள். ஸம்பத்குமார் வாசலில் நின்று எட்டிப்பார்த்தான். கும்மிடிப்பூண்டி தரப்புக்கு ஏட்டும் தாவீதும் வந்து நின்றார்கள்.

“ரெண்டு சோடிதானே எஸ்தரம்மா? சொல்லுங்கோ இவாகிட்ட.”

“ரெண்டு சோடி” என்றாள். “ஒண்ணு பூட்ஸ். ஒண்ணு வெறுங்காலு.”

ஸம்பத்குமார் வெற்றியோடு திரும்பினான். எஸ்தர் நிமிரவில்லை. படத்தின் மேல் ஓரத்தில், தோணி எழும்பின இடத்தில், மணல் கருகி ஒரு வட்டம் இருந்தது. வட்டத்திலிருந்து பூட்ஸ் தடம் மட்டும் தனியாக வெளியே வந்திருந்தது. அந்தத் தடத்தையே மிதித்துக்கொண்டு இரண்டு சோடியும் திரும்பியிருந்தன. வெறுங்காலின் ஐந்து விரலும் தெளிவாகப் பதிந்திருந்தன. விரல்கள் வட்டத்தைப் பார்த்து இருந்தன. அந்தத் துண்டின் எல்லாப் படத்திலும் அப்படித்தான். அலை வரும் வரைக்கும் அப்படித்தான்.

பதினோரு தரம் பார்த்தவனும் அதைப் பார்க்கவில்லை. கதவு மூடினதுமே விசிலும் எழுந்திருப்பவர்களுமாகத் தியேட்டர் இரைச்சலாகிவிடும். இரண்டு சோடி என்று எண்ணுவதற்கே நேரம் சரியாக இருந்திருக்கும்.

“அவரும் ஊருக்கு வரல. வுட்டுட்டும் போவல” என்றாள் எஸ்தர். “எறங்கி வந்து கூப்புட்டாரு. அந்த அம்மா கூடவே ஏறிப் பூட்டாங்க.”

லென்ஸ் கை மாறியது. ஸம்பத்குமார் வெகுநேரம் பார்த்தான். அப்புறம் ஏட்டு பார்த்தார். மோசஸ் ஒட்டும் மருந்தைத் தொட்டு வைத்து, இரண்டு முனையையும் அழுத்திப் பிடித்து, உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டிருந்தான்.

3.40. பரசுராமன் ஆபீஸ் அறையில் உட்கார்ந்து எஸ்தரின் வாக்குமூலத்தை எழுதினார். பெயர், வயது, கணவர் பெயர், வேலை. வியாழக்கிழமை சாயங்காலம் நடந்த பேச்சு. வெள்ளிக்கிழமை காலைச் சாவு. டிபன் கேரியர். நல்ல கையெழுத்து அவருக்கு. கடைசியில் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. கேட்காமல் விட்டால் மேலதிகாரி கேட்பார் என்று மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுக் கேட்டார்.

“வியாழக்கிழமை ராத்திரி ஊட்டுக்கு வந்ததும் இதைப் பத்தி உங்ககிட்ட எதனா சொன்னாராம்மா?”

எஸ்தர் யோசித்தாள். பொய் சொல்வதற்காக அல்ல.

“எஸ்தர், முழிச்சினுகீறியான்னு கேட்டாரு. ரெண்டு தடவ கேட்டாரு” என்றாள். “கோவம். தூங்கற மாதிரி படுத்துக்கினு இருந்தேன்.”

ஏட்டு பேனாவைக் காகிதத்தின்மேல் பிடித்தபடியே இருந்தார். பிறகு, ‘ஒன்றும் சொல்லவில்லை’ என்று எழுதி, காகிதத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார். எஸ்தர் முழுவதையும் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.